களஞ்சியம் இடம் மாறிவிட்டது: பொறுப்பதா, திருத்துவதா, ஒட்டுப்போடுவதா, புதிதாக நிறுவுவதா?

சென்ற மாதம் ஒரே கிழமைக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கொண்டுவந்தார்கள். சாவகச்சேரியில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் ஆசிரியர் ஒருவர், "பன்னிரண்டு உபுண்டுக் கணினிகளும் 404 என்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா?" என்றார். கொக்குவிலில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் என் மைத்துனர், "அத்தான், டெபியன் 13 வந்துவிட்டதாமே, மாறுவோமா, இப்படியே விடுவோமா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவி எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து காட்டினார். சார்புகள் நிறைவேறவில்லை என்று ஆப்ட் இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருந்தது.

மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில் சொன்னேன். அதற்கான காரணம் இங்கே. புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ், ஆர்ச் எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள். அவற்றின் மென்பொருள்கள் பொதிகளாக இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் அவற்றை இறக்கி நிறுவும் கருவி ஆப்ட். ஒரு பொதி ஓடுவதற்குத் தேவையான மற்றப் பொதிகள் அதன் சார்புகள். 404 என்றால் கேட்ட முகவரியில் அது இல்லை என்று பொருள்.

## முதலில், பொதி எங்கே போனது?

இடம்பெயர்ந்தவர்களைத் தேடிய அனுபவம் யாழ்ப்பாணத்தாருக்கு உண்டு. பழைய முகவரிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். அவர்கள் அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம், குடும்பம் பிரிந்து இரண்டு இடத்தில் இருக்கலாம், வேறு பெயரில் வாழலாம், இல்லாமலே போயிருக்கலாம். எது நடந்தது என்று விசாரிக்காமல் கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் பொழுதுதான் போகும். களஞ்சியத்தை மறுசீரமைக்கும்போது பொதிகளுக்கும் இவைதான் நேர்கின்றன. திரையில் "சார்பு உடைந்தது" என்ற ஒரே முறைப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே நோய் வேறு வேறு.

| திரையில் தெரிவது | நடந்தது | எங்கே கண்டோம் |
|---|---|---|
| எல்லா வரிகளுக்கும் 404, அல்லது தளமே கிடைக்கவில்லை என்ற பிழை | பதிப்பே ஆவணக் கிடங்குக்குப் போய்விட்டது | 2024 ஜூலையில் ஆதரவு முடிந்த உபுண்டு 23.10; 2024 ஜூன் 30இல் முடிந்த சென்ட்ஓஎஸ் 7 |
| பாதுகாப்பு வரிக்கு மட்டும் பிழை | கிளையின் பெயர் மாறியது | 2021இல் டெபியன் 11: "பஸ்டர்/அப்டேட்ஸ்" என்ற பாணி போய் "புல்ஸ்ஐ-செக்யூரிட்டி" வந்தது |
| பிழையே இல்லை, ஆனால் வைஃபை ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்) பழையதாகவே நிற்கிறது | ஒரு பிரிவு இரண்டாகப் பிரிந்தது | 2023 ஜூனில் டெபியன் 12: "நான்-ஃப்ரீ" பிரிவிலிருந்து "நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்" தனியானது |
| நீண்ட நீக்கப் பட்டியல், புதிய பெயர்களின் முடிவில் "டி64" | பொதிகளின் பெயர் மாறியது | உபுண்டு 24.04, டெபியன் 13 |
| கேட்கும் நிரலகம் (பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எங்கும் கிடைக்கவில்லை | களஞ்சியத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள் | டெபியன் 12இலும் உபுண்டு 22.04இலும் இல்லாத லிப்எஸ்எஸ்எல்1.1 (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நிரலகத்தின் பழைய பதிப்பு) |

எது என்று கண்டறிய "ஆப்ட்-கேஷ் பாலிசி" என்ற கட்டளையுடன் பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பதிப்பும் எந்தக் களஞ்சியத்திலிருந்து கிடைக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். நிறுவியுள்ள பதிப்புக்குக் கீழே கணினியின் சொந்தப் பதிவேடு மட்டும் தெரிந்தால், அந்தப் பதிப்பு இன்று எந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்று பொருள். அது அநாதைப் பொதி. பெரும்பாலான சிக்கல்களின் முடிச்சு அப்படிப்பட்ட ஒன்றிரண்டு அநாதைகளிடம்தான் இருக்கும்.

## எதை வைத்து நிறுப்பது?

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். செய்ததைத் திரும்ப அவிழ்க்க முடியுமா? எவ்வளவு தரவு, எவ்வளவு நேர மின்சாரம் வேண்டும்? அந்தக் கணினி ஒரு நாள் நின்றால் யாருடைய வேலை கெடும்? அது இணையத்தில் இருக்கும் கணினியா?

இரண்டாவது கேள்வியை வெளிநாட்டுக் கட்டுரைகளில் யாரும் கேட்பதில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். பொதிகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால் பாதி நிறுவிய, பாதி அமைத்த பொதிகளுடன் கணினி எழும்பும். ஆப்டின் அடியில் இருந்து பொதிகளை நிறுவும் "டிபிகேஜி" கட்டளையை "கான்ஃபிகர்" தெரிவுடன் ஓட்டி, பிறகு ஆப்டின் "ஃபிக்ஸ்-புரோக்கன்" தெரிவை ஓட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும். என்றாலும் யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் முழுப் பதிப்பு மாற்றத்தை மாலை வேளையில் தொடங்குபவரைத் துணிச்சல்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

## பொறுத்திருத்தல்

எதையும் தொடாமல், சிக்கலான பொதிகளை "ஆப்ட்-மார்க் ஹோல்ட்" கொண்டு நிறுத்திவைத்துவிட்டு, களஞ்சியம் சீராகும் வரை இருப்பது. சோம்பேறித்தனம் போலத் தோன்றும், ஆனால் பல நேரங்களில் இதுதான் சரியான பதில். தரவுச் செலவு இல்லை, எந்த நேரமும் நிறுத்தத்தை விலக்கலாம், வேலையும் கெடாது.

2024இன் தொடக்கத்தில் டெபியனில் புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையில் டி64 மாற்றம் ஓடியது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும் என்பதால் நேரத்தை 64 பிட்டில் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகளுக்குப் பெயர் மாற்றினார்கள். அந்த வாரங்களில் அன்ஸ்டேபிள் வைத்திருந்தவர்களுக்கு இன்று உடைவது நாளை தானாகவே சரியாகும். அவசரப்பட்டு முடிச்சவிழ்த்தவர்கள் தேவையான பொதிகளை இழந்ததுதான் மிச்சம். இதே காலத்தில்தான், மார்ச் 29ஆம் தேதி, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் வெளியிட்டார். அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகள் வரை வந்திருந்தன, பொதுப் பயன்பாட்டுக்கான ஸ்டேபிள் கிளைக்கு வரவில்லை. பின்தங்கி நின்றவர்கள் தப்பினார்கள்.

மறைந்திருக்கும் செலவு மறதி. நிறுத்திவைத்த பொதி தானும் பாதுகாப்புத் திருத்தம் பெறாது, தன்னைச் சார்ந்தவற்றையும் பெறவிடாது. "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" கொடுத்துப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு முன் எதற்காகவோ நிறுத்தியது இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கும். நிறுத்தும் அன்றே நாட்காட்டியில் ஒரு தேதி குறித்துவிட வேண்டும்.

களஞ்சியம் நிரந்தரமாக இடம் மாறியிருந்தால் பொறுத்திருப்பதில் பொருளில்லை. 404 காத்திருந்தால் குணமாகாது. ஆர்ச் லினக்ஸ் வைத்திருப்போருக்கும் இந்த வழி அடைப்பு. பகுதிப் புதுப்பிப்பை அங்கே ஆதரிப்பதில்லை. 2023 மே மாதத்தில் "கம்யூனிட்டி" களஞ்சியத்தை "எக்ஸ்ட்ரா"வுடன் இணைத்தபோது அமைப்புக் கோப்பைத் திருத்தி முழுமையாகப் புதுப்பிப்பதே அவர்களுக்கு இருந்த வழி.

## முகவரியைத் திருத்தி முழுமையாகப் புதுப்பித்தல்

நேர்வழி இதுதான். களஞ்சியப் பட்டியலில் புதிய பெயர்களையும் புதிய பிரிவுகளையும் எழுதி, மூன்றாம் தரப்பு வரிகளை முடக்கி, முதலில் புதிய பொதிகள் சேர்க்காத சிறு புதுப்பிப்பும் அடுத்து "ஃபுல்-அப்கிரேட்"டும் ஓட்டுவது. டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளும் இந்த ஒழுங்கையே சொல்கின்றன. பெயர் மாற்றம், பிரிவு பிரிதல், டி64 மூன்றுக்கும் மருந்து இதுவே.

ஆபத்து ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. ஃபுல்-அப்கிரேட் முடிச்சை அவிழ்ப்பதற்காகப் பொதிகளை நீக்கவும் செய்யும். நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி, தொடரவா என்று கேட்கும். அங்கே பட்டியலைப் படிக்காமல் ஒய் விசையை அழுத்துபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

2023இல் மைத்துனரின் அச்சகக் கணினியை டெபியன் 11இலிருந்து 12க்கு மாற்றினேன். இரவுத் தரவு தொடங்கட்டும் என்று நள்ளிரவு வரை காத்திருந்ததில் கண் செருகிவிட்டது. திரையில் நாற்பது ஐம்பது பெயர்கள் ஓடின, ஒய் அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் தொலைபேசி: "அத்தான், தமிழ் விழவில்லை." தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸும் அதனுடன் இருந்த எம்17என் விசைப்பலகைகளும் போயிருந்தன. எப்போதோ நான் சேர்த்துவிட்டு மறந்த ஒரு மூன்றாம் தரப்புக் களஞ்சியத்தின் பொதி பழைய நிரலகம் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆப்ட் கணக்குப் பார்த்து ஐபஸ்ஸை விட்டுக்கொடுத்திருக்கிறது. அன்று பிற்பகலுக்குள் ஒரு முப்பத்தோராம் நாள் நினைவுமலர் அச்சுக்குப் போக வேண்டும். திருத்த வேண்டிய பிழைகள் இரண்டு பக்கம், அதில் ஒன்று இறந்தவரின் பெயரிலேயே.

காப்பாற்றியது ஒரு பதிவுக் கோப்பு. ஆப்டின் பதிவுக் கோப்புறையில் உள்ள ஹிஸ்டரி.லாக், எந்த நேரம் எந்தக் கட்டளையால் எது நிறுவப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கும். அதிலிருந்து பெயர்களைப் பொறுக்கி, தகராறு செய்த பொதியை எறிந்துவிட்டு மீண்டும் நிறுவினேன். பதினொரு மணிக்குத் தமிழ் விழுந்தது.

அதன் பிறகு பட்டியலை இப்படித்தான் படிக்கிறேன். நீக்கப்போகும் ஒவ்வொரு பெயருக்கும் நிறுவப்போகும் பட்டியலில் ஒரு மாற்றுப்பெயர் இருக்கிறதா? லிப்எஸ்எஸ்எல்3 போகிறது, லிப்எஸ்எஸ்எல்3டி64 வருகிறது: கவலையில்லை, ஆள் அதே ஆள், பெயர்தான் மாறியிருக்கிறது. ஐபஸ் போகிறது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை: விசையிலிருந்து கையை எடுக்க வேண்டும். டெபியன் 13க்கு மாறும்போது நீக்கப் பட்டியல் பயமுறுத்தும் நீளத்தில் இருக்கும். இந்த ஒரு சோதனையில் பெரும்பகுதி கழிந்து, உண்மையில் யோசிக்க வேண்டியவை ஐந்தாறுதான் மிஞ்சும். அவற்றில் ஆப்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால் ஆப்டிட்யூடைக் கொண்டு பார்க்கலாம். இந்தத் தீர்வு வேண்டாம் என்றால் அது அடுத்த தீர்வைக் காட்டும்.

தரவைப் பொறுத்தவரை, மேசைச்சூழல் உள்ள கணினியில் முழுப் பதிப்பு மாற்றம் எளிதாக 1 ஜிபியைத் தாண்டும். இரவில் இறக்கத்தை மட்டும் முடித்து, பகலில் விழிப்புடன் நிறுவும் தெரிவு ஆப்டில் உண்டு; நிறுவலைக் கண்விழித்துச் செய்யுங்கள். இன்னொன்று: "ஆப்ட்" கட்டளை நிறுவி முடித்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும், "ஆப்ட்-கெட்" வைத்திருக்கும். ஒரே பதிப்பில் இரண்டு கணினி வைத்திருப்பவர் ஆப்ட்-கெட்டில் இறக்கி, பொதிகளைப் பென்டிரைவில் மற்றதற்குக் கொண்டுபோகலாம்.

## ஆவணக் கிடங்குக்குத் திருப்புதல்

ஆதரவு முடிந்த பதிப்புகள் அழிந்துபோவதில்லை. டெபியனுடையவை ஆர்கைவ்.டெபியன்.ஆர்க் தளத்துக்கும், உபுண்டுவினுடையவை ஓல்ட்-ரிலீசஸ் தளத்துக்கும், சென்ட்ஓஎஸ்ஸுடையவை வால்ட் என்ற கிடங்குக்கும் போகின்றன. முகவரியை அங்கே மாற்றினால் உடைந்த சார்புகள் அத்தனையும் அன்றிருந்தபடி பொருந்திவிடும். குறிப்பிட்ட நாளில் டெபியன் களஞ்சியம் எப்படி இருந்தது என்று வேண்டுமென்றால் 2005 முதலான நிலைகளை ஸ்னாப்ஷாட்.டெபியன்.ஆர்க் தருகிறது.

எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் நூற்பட்டியலுக்கென்றே ஒரு பழைய கணினி இருக்கிறது. டெபியன் 10. இணைய இணைப்பு கிடையாது. பட்டைக்குறி வாசிக்க ஒரு சிறு பொதி தேவைப்பட்டபோது என் கைப்பேசியின் இணைப்பைக் கொடுத்து, கிடங்கிலிருந்து எடுத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இருபது நிமிட வேலை. இப்படிப்பட்ட கணினிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

இணையத்தில் தினமும் இருக்கும் கணினிக்கு இது வசிப்பிடமாகக் கூடாது. பிழை மறைந்ததும் எல்லாம் நலம் என்ற எண்ணம் வரும், ஆனால் அங்கே புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. காலாவதியான கையொப்பச் சாவிகளை ஆப்ட் ஏற்க மறுப்பதும் உண்டு. அப்போது சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகள் கிடைக்கும். வாசிகசாலைக் கணினிக்குச் செய்யலாம், வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினிக்கு வேண்டாம். அடுத்த பதிப்புக்குத் தாவுவதற்கு முன் நிற்கும் இடைத்தங்கலாக வேண்டுமானால் எந்தக் கணினிக்கும் பயன்படுத்தலாம்.

## ஒட்டுப்போடுதல்

கேட்கும் பொதியை எங்கிருந்தாவது தனியாக இறக்கி, சார்பைப் பார்க்காதே என்று டிபிகேஜியை வற்புறுத்தி நிறுவுவது. ஸ்டேபிளில், அடுத்த பதிப்பு உருவாகும் டெஸ்டிங் களஞ்சியத்தையும் சேர்ப்பது. ஈக்விவ்ஸ் என்ற கருவியைக் கொண்டு போலிப் பொதி செய்து ஆப்டின் வாயை அடைப்பது. மாணவியின் மடிக்கணினியில் முதல் இரண்டும் நடந்திருந்தன. ஒரு பாடத்துக்கான மென்பொருள் லிப்எஸ்எஸ்எல்1.1 கேட்டது. அதைத் தேடிப்போனவர் டெஸ்டிங் வரியைச் சேர்க்க, ஏறத்தாழ எல்லாப் பொதிகளும் நம்பியிருக்கும் சி நிரலகத்தின் புதிய பதிப்பை அது இழுத்துவர, அதன்பின் ஸ்டேபிள் பொதிகள் ஒவ்வொன்றாக முரண்டு பிடித்தன. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. சி நிரலகத்தைப் பின்னோக்கி மாற்றுவதற்கு ஆதரவான வழி டெபியனில் இல்லை.

ஆனால் போலிப் பொதியை முழுதாக ஒதுக்கவும் மாட்டேன். டெபியனில் தமிழ் எழுத்துருப் பொதியின் பெயர் ஒருகாலத்தில் டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ். பிறகு ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் ஆனது. பழைய பெயரையே கேட்கும் உள்ளூர்ப் பொதி ஒன்று உங்களிடம் இருந்தால், பழைய பெயரில் ஒரு வெற்றுப் பொதி செய்து புதியதைச் சார்ந்திருக்கச் சொல்லலாம். எழுத்துரு உண்மையிலேயே அங்கே இருக்கிறது, பெயர்தான் பிழை. லிப்எஸ்எஸ்எல்1.1க்கு இதையே செய்தால் ஆப்ட் சமாதானமாகும், மென்பொருள் திறந்ததும் விழுந்துவிடும், ஏனென்றால் அது தேடும் கோப்பு கணினியில் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவும் 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. இத்தகைய மென்பொருளுக்கு, தேவையான நிரலகங்களைத் தன்னுடனேயே கொண்டுவரும் பிளாட்பேக் வடிவம் இருந்தால், பருமனைப் பார்க்காமல் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

## புதிதாக நிறுவுதல்

முடிவு நிச்சயம். ஒரு அரை நாளில் சுத்தமான கணினி கிடைக்கும். வீட்டுக் கோப்புறை வட்டின் தனிப் பகுதியில் இருந்தால் அதைத் தொடாமலே செய்யலாம். பழைய சுமை ஏராளமாகச் சேர்ந்த கணினிக்கும், ஒரே மாதிரியான பல கணினிகளுக்கும் இதுவே மலிவு. 32 பிட் டெபியன் ஓடும் கணினிகளுக்கு வேறு வழியும் இல்லை: டெபியன் 13இல் ஐ386க்கு (32 பிட்டுக்கு) நிறுவியோ கருநிரலோ (கெர்னல்) கிடையாது. செயலி 64 பிட்டைத் தாங்குமானால் புதிதாகப் போட வேண்டும், தாங்காவிட்டால் டெபியன் 12இலேயே வைத்திருக்க வேண்டும்.

செலவு நிறுவலில் இல்லை, அதற்குப் பிறகு வரும் இரண்டு கிழமைகளில் இருக்கிறது. அச்சு இயந்திரத்தின் இயக்கி, ஸ்கேனர், பாமினி எழுத்துருக்கள், ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் என்று ஒவ்வொன்றாக "இது எங்கே?" என்று கேட்டு வரும். அழிப்பதற்கு முன் "ஆப்ட்-மார்க் ஷோமேன்யுவல்" தரும் பட்டியலையும், அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி கோப்புறையையும் பிரதியெடுத்தால் பாதித் தலையிடி குறையும். உபுண்டு 24.04 மேசைப்பதிப்பின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. அதை ஒருவர் இறக்கி நாலு பேர் பகிர்வதே நம் ஊருக்குச் சரி.

## மூவரும் செய்தது

சாவகச்சேரி ஆசிரியரிடம் இருந்தது உபுண்டு 23.10. நீண்டகால ஆதரவு இல்லாத பதிப்புகளுக்கு ஆயுள் 9 மாதம்தான் என்று நிறுவிக்கொடுத்தவர் சொல்லவில்லை. ஓல்ட்-ரிலீசஸுக்குத் திருப்பி 24.04க்குத் தாவ வழி இருந்தது. ஆனால் மாணவர்களின் கோப்புகள் எதுவும் இல்லாத, ஒரே மாதிரியான பன்னிரண்டு கணினிகளுக்கு அந்தச் சிரமம் எதற்கு? புதிதாகவே போட்டோம். ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்ததால் புதுப்பிப்புகள் ஒருமுறைதான் இணையத்திலிருந்து இறங்கின, மற்றப் பதினொன்றும் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டன.

மாணவிக்குப் பரீட்சை நெருங்கியிருந்ததால் அழிக்க மனமில்லை. கலந்துபோன சி நிரலகத்தைப் பின்னுக்கு இழுக்க முடியாது, ஆகவே முன்னுக்குத் தள்ளினோம். டெஸ்டிங் வரியை எடுத்துவிட்டு, முழுக் கணினியையும் டெபியன் 13க்கு நேர்செய்தோம். அநாதைப் பொதிகள் ஏழு, அதில் ஐந்தை அவரே தேவையில்லை என்றார். பாடத்துக்கான அந்த மென்பொருளை இப்போது ஒரு நண்பரின் பழைய மடிக்கணினியில் ஓட்டுகிறார்.

மைத்துனரைப் பொறுக்கச் சொன்னேன். டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது, அவருடைய கணினியில் எதுவும் உடையவுமில்லை. வேலை குறைந்த ஒரு கிழமையைப் பார்த்து மாறுவதாக முடிவு. அதற்கு முதல் நாள் நீக்கப் பட்டியலை அச்சிட்டு, சிவப்புப் பேனையால் கோடு போட்டு எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்தில் தாளுக்குக் குறைவில்லை.